அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் கைதட்டினார்கள்

கல்லூரியில் அவருக்கு 'யோசனை மேடம்' என்று பெயர். மாணவர்கள் வைத்ததுதான். எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல், கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன் என்று திருப்பிவிடுகிற ஆசிரியைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டால்கூட யோசிக்கச் சொல்வார் என்று ஒரு கேலி உலவியது. அது அவர் காதுக்கும் எட்டியது. சிரித்துக்கொண்டார்.

தொழில் முனைவு அவருடைய பாடம். பல வருடங்கள் அவரும் மற்றவர்களைப் போலத்தான் திரையில் படம் காட்டினார், வரையறைகளை எழுதிப் போட்டார். பிள்ளைகளும் அவற்றை அப்படியே பரீட்சைத் தாளில் கக்கினார்கள். நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். வெளியே போய் ஏதாவது தொடங்கியவர்கள் முதல் சறுக்கலிலேயே துவண்டு உட்கார்ந்தார்கள். எங்கே சறுக்கியது என்றுகூட அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் முறையை மாற்றினார். இப்போது ஒவ்வொரு குழுவும் நிஜமாகவே ஒரு சின்ன வியாபாரம் நடத்தவேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, அந்த வாரத்தைத் திரும்பிப் பார்க்கவேண்டும். என்ன நடந்தது, அப்போது மனதுக்குள் என்ன ஓடியது, அடுத்த முறை என்ன செய்வாய் என்று அவர் கேட்பார். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டிப் போகாது என்று வாக்குக் கொடுத்திருந்தார். முதல் சில வாரங்கள் யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு யாராவது ஒருவர் திறப்பார், அடுத்தவருக்கும் துணிச்சல் வரும். இருபது வயதுப் பையன்கள் தங்கள் தவறைத் தாங்களே சொல்லித் தலைகுனிவதைப் பார்க்கும்போது, வாத்தியார் வேலைக்கு வந்ததற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றும்.

துறைத் தலைவருக்கு இது ஒத்துவரவில்லை. ஆசிரியர் அறையில் அதை 'அழுகாச்சி வகுப்பு' என்றுதான் சொல்வார். வியாபாரம் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால் எப்படி என்பது அவர் வாதம். அந்தப் பருவத்தோடு வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டு, வியாபாரத் திட்டப் போட்டி ஒன்று நடத்தலாம் என்று மேலே பேசி முடித்தும் விட்டிருந்தார். ஆசிரியை மன்றாடியதால் கடைசியாக ஒரு வாய்ப்பு கிடைத்தது. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து ஒரு வகுப்பைப் பார்ப்பார், அவர் சொல்வதுதான் முடிவு.

அந்த வெள்ளிக்கிழமை மதிப்பீட்டாளரும் துறைத் தலைவரும் சுவரோரமாக இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அன்று பார்த்துப் பிள்ளைகள் இறுகிப்போனார்கள். முதலில் பேசியவன் கூட்டுமுயற்சியின் அருமை புரிந்தது என்றான். அடுத்தவள் நேர மேலாண்மையின் அவசியம் புரிந்தது என்றாள். ஒப்பித்த வார்த்தைகள். துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் பொடிசு கையைத் தூக்கினாள். வகுப்பிலேயே உருவத்தில் சின்னவள், குரலும் அதற்கேற்ற குரல். அவள் இருந்த குழு தரை துடைக்கும் திரவம் செய்து விற்றது. அதற்குத் தலைவனாக இருந்த பையனை எல்லோரும் 'முதலாளி' என்பார்கள். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, பேச்சில் அதட்டலோடு, பெயருக்கேற்றபடிதான் அவனும் இருப்பான்.

"போன வாரம் நான் ஒண்ணு பண்ணேன் மேடம்," என்றாள் பொடிசு. "சரக்குல காஸ்டிக் சோடா கலந்தேன்."

மெல்ல மெல்லச் சொன்னாள். திரவத்தில் எலுமிச்சை வாசம்தான் இருக்கிறது, கறை போகவில்லை என்று வாங்கியவர்கள் குறை சொன்னார்கள். எப்படியாவது காரத்தை ஏற்று என்று முதலாளி சொல்லிவிட்டுப் போய்விட்டான். குழாய் அடைப்பு எடுக்கப் போடுவார்களே, அதை ஹார்டுவேர் கடையில் வாங்கிவந்து அள்ளிப் போட்டாள். அளவு எதுவும் பார்க்கவில்லை. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. அந்த நேரம் பார்த்து கேன்களும் தீர்ந்துபோயின, ஒட்டுகிற லேபிளும் தீர்ந்துபோனது. பழைய தண்ணீர் பாட்டில்களைக் கழுவி அதில் ஊற்றி, கல்லூரிக்கு எதிரே இருக்கும் கடைகளுக்கும் பின்பக்கத் தெருக்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள்.

"தப்புன்னு அப்பவே தெரிஞ்சுது. சொன்னா டீம்லேர்ந்து தூக்கிடுவாங்களோன்னு பயம். அதான் வாய மூடிட்டு இருந்துட்டேன்."

முதலாளி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதிப்பீட்டாளர் முன்னால் சாய்ந்து கேட்பது ஆசிரியைக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது. இனி என்ன செய்வாய் என்று ஆசிரியை கேட்டார். தவறு என்று தோன்றினால் யார் முன்னாலும் அப்போதே வாய் திறந்து சொல்வேன் என்றாள் பொடிசு. சொல்லும்போது அழுதுவிட்டாள்.

ஆசிரியைக்கும் கண் கலங்கியது. "இதாம்மா," என்றார். "இதுக்குத்தான் இந்த கிளாஸே."

முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. எல்லோரும் தட்டினார்கள். மதிப்பீட்டாளர் தட்டினார். துறைத் தலைவர்கூட ஒப்புக்கு இரண்டு தட்டுத் தட்டினார். ஆசிரியை அடுத்த மாணவனைப் பேசச் சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் மதிப்பீட்டாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு நேர்மையை எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை என்றார். வகுப்பு பிழைத்துவிட்டது. அன்று ஆசிரியை வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பொடிசைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மனம் நிறைந்து இருந்தது.

திங்கட்கிழமை காலை கல்லூரி வாசலில் இறங்கியபோது எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது. கணவனும் மனைவியும் நடத்தும் கடை அது. விடிந்ததும் திறந்துவிடுவார்கள். அவர்களுடைய நான்கு வயது மகள் கல்லாவுக்கு அடியில் உட்கார்ந்து வீணான தாள்களில் கிறுக்கிக்கொண்டிருப்பாள். பக்கத்துத் தையல்காரரிடம் கேட்டார். குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்றார் அவர். என்னவோ பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டதாம்.

"என்ன பாட்டில்?"

"உங்க பசங்க விப்பாங்களே மேடம், தரை துடைக்கிறது. பாக்க ஜூஸ் மாதிரியே இருந்துச்சு. தண்ணி பாட்டில்ல வேற. குழந்தை என்னத்தக் கண்டுச்சு."

தையல்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. அந்தப் பக்கம் வந்த ஆட்டோவை மறித்து ஏறினார். வழியில் பொடிசுக்கு ஃபோன் போட்டார், எடுக்கவில்லை. முதலாளிக்குப் போட்டார், மணி அடிக்கும்போதே துண்டித்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே தகப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே குழந்தையின் உதடுகள் வீங்கித் தடித்திருந்தன. எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்துகொண்டே இருந்தது. அழுதது, ஆனால் அழுகைக்குக் குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. தாய் அதன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். இளம் டாக்டர் ஒருத்தி அவளிடம் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் என்ன இருந்தது, ஆசிடா, வேறு ஏதாவதா? வெறும் சோப்புத் தண்ணீர்தான் என்று பாட்டில் கொடுத்த பையன் ஃபோனில் சொன்னானே என்றாள் தாய். பயப்படாதீங்க அக்கா, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வையுங்க, சரியாகிவிடும் என்று சொன்னானாம். எடுக்க வைத்தார்களாம். வாந்தியில் ரத்தம் வந்ததாம்.

வாந்தி எடுக்க வைத்தார்கள் என்றதும் டாக்டரின் முகம் மாறியது. அதை மறைத்துக்கொண்டாள். "இது சோப்பு பண்ற வேலை இல்லம்மா," என்றாள்.

"காஸ்டிக் சோடா," என்றார் ஆசிரியை.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எவ்வளவு கலந்திருக்கு?"

"தெரியாது டாக்டர். கையால அள்ளிப் போட்டிருக்கா. அளக்கல."

டாக்டர் அவரை இன்னொரு கேள்வி கேட்காமல் நர்ஸிடம் திரும்பி மளமளவென்று ஏதோ சொன்னாள். கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். தாய் கூடவே ஓடினாள், கதவில் தடுத்து நிறுத்தினார்கள். அவள் திரும்பி வந்தாள். ஆசிரியைக்கு எதிரே நின்றாள். இத்தனை வருடமாக எத்தனையோ தாள்களை நகல் எடுத்துக் கொடுத்தவள். முடிந்தால் உங்கள் காலேஜிலேயே என் பெண்ணையும் சேர்த்துவிடவேண்டும் மேடம் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

"அந்தப் பையனே சோப்புன்னுதான் சொன்னான். உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"வகுப்புல சொன்னாங்க."

"எப்போ?"

ஆசிரியை ஒரு நொடி பொய் சொல்ல நினைத்தார். வாய்வரை வந்தது.

"வெள்ளிக்கிழமை."

தாய் கத்தவில்லை, அடிக்கவில்லை. அந்தப் பாட்டிலை வாங்கிவைத்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்ப்பதுபோல நின்றாள். பிறகு, "நாங்க எதிர்லதானே மேடம் இருக்கோம்," என்றாள். அவ்வளவுதான். நகர்ந்துபோய்க் கணவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

ஆசிரியை வராந்தாவிலேயே நின்றார். வெள்ளிக்கிழமை பிற்பகலை ஒரு நூறு தடவை ஓட்டிப் பார்த்தார். பொடிசு எவ்வளவு தெளிவாகச் சொன்னாள். எந்தப் பாட்டில், எந்தக் கடை, எந்தத் தெரு, எல்லாம் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் எழுந்துபோய்ச் சாலையைக் கடக்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் மனதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரக்கு கடைகளில் இருந்தது. மனதுக்குள் என்ன ஓடியது என்று கேட்கத் தெரிந்த தனக்கு, அந்தப் பாட்டில்கள் இப்போது எங்கே என்று கேட்கத் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் படிப்பே தேவையில்லை.

அப்போதுதான் அவருக்கு மண்டையில் உறைத்தது. பாட்டில்கள். ஒன்றுதான் இங்கே வந்திருக்கிறது. மற்றவை இன்னும் வெளியே இருக்கின்றன.

கல்லூரிக்கு ஓடினார். துறைத் தலைவருக்குச் செய்தி அதற்குள் போயிருந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. பயந்திருந்தார். அது கல்லூரி நடத்திய வியாபாரம் இல்லை, பிள்ளைகள் தாங்களாக வெளியே ஏதோ செய்தார்கள், நமக்குத் தெரியாது என்றுதான் இருக்கவேண்டும் என்றார். இப்போது போய் வீடு வீடாகக் கதவைத் தட்டினால் நாமே ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். மேலிடத்தில் பேசிவிட்டு முடிவு செய்யலாம், அதுவரை யாரும் வெளியே போகக் கூடாது.

சார், நீங்களும்தானே அங்கே உட்கார்ந்து கேட்டீர்கள் என்றார் ஆசிரியை.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ஞாபகம் இல்ல. அதோட, அங்க பேசுறது அந்த ரூமைத் தாண்டிப் போகக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான் மேடம். உங்க ரூல்தானே."

ஆசிரியை எழுந்து வந்துவிட்டார். மாடிப்படி ஏறினார். வகுப்பில் வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று, அந்தக் குழுவில் இருந்தவர்கள் எழுந்து வாருங்கள் என்றார். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். பாடம் நடத்திக்கொண்டிருந்த இளைஞர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

முதலாளியை மாடிப்படிக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. நான்தான் கலந்தேனா, எனக்கு என்ன தெரியும், சோப்பு என்றுதான் நினைத்தேன் என்று அடுக்கிக்கொண்டே போனான். ஆசிரியை அவன் தோளைப் பிடித்தார். திட்டுவதற்குக்கூட நேரம் இல்லை. யார் யாருக்குக் கொடுத்தாய், யோசி என்றார். சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்த வார்த்தை அவருக்கே கேட்டது. அவன் விக்கி விக்கிச் சொல்லத் தொடங்கினான். சலூன், சாப்பாட்டுக் கடை, பின்தெருவில் மாடி வீட்டு அம்மா, பள்ளி வேன் ஓட்டுகிறவர்.

பொடிசு வாசலில் காத்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தாள். அவர்களோடு சேர்ந்து நடந்தாள்.

வெயிலில் தெருத்தெருவாகப் போனார்கள். சலூன்காரர் அந்தத் திரவத்தை ஏற்கெனவே ஊற்றித் தீர்த்துவிட்டிருந்தார். பிரமாதமாக வேலை செய்கிறது, இன்னொன்று கொடுங்கள் என்றார். சாப்பாட்டுக் கடையில் அது குடிதண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே மாதிரி மூடியோடு நின்றது. மூடியில் கசிந்தது பட்டு, அதை எடுத்த பையன் கையை உதறிக்கொண்டான். மாடி வீட்டு அம்மாள் கதவைத் திறக்க மறுத்தாள். காசு வாங்கிக்கொண்டு இப்போது திருப்பிக் கேட்கிறீர்களா என்று ஜன்னல் வழியாகச் சண்டை போட்டாள். ஆசிரியை அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு குழந்தை குடித்துவிட்டது அம்மா என்றார். கதவு திறந்தது. வேன் ஓட்டுகிறவர் வேனோடு எங்கோ போயிருந்தார். ஃபோனில் பிடித்தபோது, சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தருகிறேன் என்றார். வண்டியை அங்கேயே நிறுத்துங்கள் என்று ஆசிரியை கத்தியதில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

பின்தெருவின் கோடியில், ஒரு பூட்டிய வீட்டு வாசலில், ஆட்கள் வரும்வரை நிற்கவேண்டியிருந்தது. அப்போதுதான் பொடிசு பேசினாள்.

"மேடம், நான் வெள்ளிக்கிழமை காலையில ஜெராக்ஸ் கடை அக்காகிட்டப் போய் அந்த பாட்டில திருப்பி வாங்கிடலாம்னு இருந்தேன். ரோடு வரைக்கும் போனேன். சரி, மொதல்ல உங்ககிட்ட சொல்லிடலாம், நீங்க பாத்துப்பீங்கன்னு திரும்பிட்டேன்."

ஆசிரியை அவள் பக்கம் திரும்பினார்.

"சொன்னேன். நீங்க கைதட்டினீங்க. எல்லாரும் தட்டினாங்க. சரி, முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன் மேடம். வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கினேன்."

அவள் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், வகுப்பில் சொல்வது போலவே. அதுதான் தாங்க முடியவில்லை. ஆசிரியை அந்தப் பூட்டிய வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் பிள்ளைகள் நின்றார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் அநேகமாக எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஒன்றைத் தவிர. பேருந்து நிறுத்தத்தில் நின்ற யாரோ ஒரு பெண் வாங்கிப் போனாள் என்றான் முதலாளி. எந்தப் பேருந்தில் ஏறினாள், எப்படி இருந்தாள் என்று எத்தனை தடவை கேட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பச்சைக் கூடை வைத்திருந்தாள் என்றான். பிறகு அதுவும் நிச்சயம் இல்லை என்றான். அங்கேயே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, முகத்தைச் சட்டைக்குள் புதைத்துக்கொண்டு அழுதான். அந்த உப்புத் தண்ணீர் யோசனையை எங்கிருந்து எடுத்தாய் என்று ஆசிரியை கேட்டார். சின்ன வயதில் எனக்கு அம்மா அப்படித்தான் செய்தாள் என்றான்.

வீட்டில் கணவர் காத்துக்கொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர், அன்று காலை ஷிப்ட். எல்லாவற்றையும் கேட்டார். ஆறிப்போன டீ டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். அந்த அறையில் பேசியது வெளியே யாருக்கும் தெரியாது. துறைத் தலைவரே ஞாபகம் இல்லை என்கிறார். வந்த மதிப்பீட்டாளரும் வாய் திறக்கப்போவதில்லை. பிள்ளைகளும் சொல்லமாட்டார்கள்.

"நீ ஆஸ்பத்திரியில சொன்னது சரி. குழந்தை உயிரு. அதோட விடேன். வெள்ளிக்கிழமையே தெரியும்னு நீயா போய் எழுதிக் குடுக்கணுமா? கேஸ்ல சேத்துடுவாங்க. நம்ம பையன் பத்தாவது படிக்கிறான்."

"அந்தம்மாகிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன்."

"அவங்க பதட்டத்துல இருந்தாங்க. மறந்திருப்பாங்க."

ஆசிரியை கணவரைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. பேருந்துக்குக் குறுக்கே வந்து நாய் அடிபட்டால்கூட அன்று முழுக்கச் சாப்பிடாதவர். பயம் அவரைப் பேசவைத்தது. பொடிசையும் பயம்தான் வாயடைத்தது, முதலாளியைப் பொய் சொல்லவைத்தது, துறைத் தலைவரை மறக்கவைத்தது. தன்னை என்ன செய்தது? வகுப்பு போய்விடுமோ என்ற பயம் வெள்ளிக்கிழமை அவர் கண்ணை எங்கே திருப்பி வைத்திருந்தது? மதிப்பீட்டாளரின் முகத்தில்.

கல்லூரி ஒரு விசாரணைக் குழு அமைத்தது. ஆசிரியை அதன் முன் எல்லாவற்றையும் சொன்னார். பொடிசு என்ன சொன்னாள், தான் என்ன சொன்னார், யார் யார் அங்கே இருந்தார்கள். துறைத் தலைவர் அன்று பாதியிலேயே எழுந்து போய்விட்டதாகச் சொன்னார். மதிப்பீட்டாளர் வெளியூர்ப் பயணத்தில் இருப்பதாகச் சொல்லி வரவில்லை. மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஆமாம், எல்லோரும் கேட்டோம், எல்லோரும் தட்டினோம் என்று சொன்னார்கள். சொல்லச் சொல்லி யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. அது ஆசிரியைக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இல்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பொடிசும் முதலாளியும் அந்த வருடம் பரீட்சை எழுத முடியாது என்றார்கள். போலீஸிலும் வழக்குப் பதிவானது. அதில் அவர் பெயரும் இருந்தது. வெள்ளிக்கிழமை வகுப்பு நின்றது. யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட இல்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. பிழைத்தது என்று டாக்டர் சொன்னபோது தகப்பன் அவள் காலில் விழப்போனான். அவள் அவனைப் பிடித்து உட்காரவைத்து மீதியையும் சொன்னாள். உணவுக்குழாய் நெடுகிலும் வெந்திருக்கிறது. ஆறும்போது அது சுருங்கும். வாய் வழியாக ஒன்றும் கொடுக்க முடியாது, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துத்தான் பால் ஊற்றவேண்டும். பிறகு மயக்கம் கொடுத்து, அந்தச் சுருக்கத்தை விரித்துவிட வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். எவ்வளவு காலம் என்று இப்போது சொல்ல முடியாது. குரல் பழையபடி வருமா என்று தாய் கேட்டாள். அதையும் சொல்ல முடியாது என்றாள் டாக்டர்.

ஆசிரியை தினமும் போனார். வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே போகத் துணிவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. ஆரம்பத்தில் தகப்பன் அவரைப் பார்த்தால் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போவான். ஒரு நாள் எதிரே வந்து, எதுக்கு வந்து உட்கார்ந்திருக்கீங்க, என்ன பார்க்கணும் உங்களுக்கு என்று கேட்டான். நாளைக்கு வராதீங்க என்றான். மறுநாளும் போனார். அவன் பிறகு தடுக்கவில்லை. சில நாள் பொடிசும் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்காருவாள். ஒரு தடவை, அந்தப் பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருந்தேன் மேடம், யாருக்கும் தெரியவில்லை என்றாள். முதலாளியும் அங்கே போகிறானாம். கூடை வைத்திருக்கிற ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்திக் கேட்கிறானாம். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டாளாம்.

ஒரு நாள் மதியம் தகப்பன் கடையைத் திறந்துவைக்கப் போயிருந்தான். மூடியே கிடந்தால் வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். தாய் வார்டுக்கு வெளியே வந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். கையில் மருந்துச் சீட்டு இருந்தது. பெஞ்சுக்கு முன்னால் நின்று, ஆசிரியையின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"மருந்து வாங்கணும். கீழ கூட்டமா இருக்கும். அவ முழிச்சா யாராவது இருக்கணும். வேற ஆளு இல்ல."

ஆசிரியை எழுந்தார்.

"வாய்ல ஒண்ணும் குடுத்துடாதீங்க," என்றாள் தாய். "கேப்பா. குடுத்துடாதீங்க."

உள்ளே கட்டிலோர ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்கு அடியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே வந்து பட்டையால் ஒட்டப்பட்டிருந்தது. உதட்டு வீக்கம் வடிந்து தோல் கருத்து உரிந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் குழந்தை கண் விழித்திருக்கவேண்டும். அம்மாவைத் தேடியது. ஆசிரியையைப் பார்த்தது. கல்லாவுக்கு அடியிலிருந்து பல தடவை பார்த்த முகம்தான். அழவில்லை. கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டியது.

அவர் தலையை ஆட்டினார். குழந்தை மறுபடி காட்டியது. புரியவில்லையோ என்று நினைத்ததுபோல, கையைக் குவித்து, தலையை நன்றாக அண்ணாந்து காட்டியது.

"தண்ணி இப்ப குடிக்கக் கூடாதுடா கண்ணா."

ஏன் என்று கேட்டிருக்கும். உதடுகள் அசைந்தன, வெறும் காற்று வந்தது. ஆசிரியை நர்ஸைப் பார்த்தார். உதட்டை மட்டும் நனைத்துவிடுங்கள், பிழிந்துவிட்டுத் தொடுங்கள், ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று நர்ஸ் தூரத்திலிருந்தே சொன்னாள். பஞ்சும் சின்னக் கிண்ணமும் மேசையில் இருந்தன. ஆசிரியை பஞ்சை நனைத்து, பிழிந்து, மறுபடி பிழிந்து, கீழுதட்டில் வைத்தார். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குழந்தை நாக்கை நீட்டி அந்த ஈரத்தைத் தொட்டது. பிறகு பஞ்சை விடாமல் பார்த்துக்கொண்டே, இன்னும் வேண்டும் என்று விரலைக் காட்டியது.